பலகையில் இருக்கும் அந்த 'சிஸ்டர்' யார்?

மே 12, மாலை. வாசகர் கேள்வி

வேப்பேரிப் பக்கம் ஒரு பழைய தேவாலயத்தில் நண்பனின் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தேன். உள்ளே சுவரில் ஒரு பளிங்குப் பலகை. 1939–1945 போரில் உயிர்நீத்த சபையார் என்று ஆங்கிலத்தில் ஒன்பது பெயர்கள். எட்டுப் பேர் ஆண்கள். ஏழாவது மட்டும் 'சிஸ்டர்' என்று போட்டு ஒரு பெண் பெயர். அங்கிருந்த பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "கன்னியாஸ்திரியா இருக்கும் தம்பி" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இராணுவத்தில் பெண்களை 1992இல்தானே சேர்த்தார்கள்? என் சித்தி மகள் பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்தவள், அவளும் அதையேதான் சொல்கிறாள். கன்னியாஸ்திரியின் பெயர் எப்படிப் போர்ப் பலகையில் வந்தது?

மே 12, இரவு 9.40

அவர் கன்னியாஸ்திரி இல்லை தம்பி. நர்ஸ்.

31 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை வருஷமும் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சிஸ்டர், ட்ரிப் தீர்ந்துடுச்சு", "சிஸ்டர், அப்பா மூச்சு விட சிரமப்படறார்", இப்படித்தான். பழக்கத்தில் வந்த மரியாதைச் சொல் இது. ஆனால் இராணுவ நர்ஸ்களுக்கு அந்தக் காலத்தில் 'சிஸ்டர்' என்பது பதவி. ஸ்டாஃப் நர்ஸ், அதற்கு மேல் சிஸ்டர், அதற்கு மேல் மேட்ரன். பலகையில் ஹவில்தார், நாயக் என்று மற்றவர்களுக்குப் போட்டிருப்பார்களே, அதே இடத்தில்தான் இவருக்குச் சிஸ்டர் என்று போட்டிருக்கிறார்கள்.

1992 என்று சித்தி மகள் சொன்னது தவறில்லை. மருத்துவம் அல்லாத பிரிவுகளில் பெண் அதிகாரிகளைச் சேர்த்தது 1992இல். நர்ஸ்கள் அதற்கு வெகு காலம் முன்பே உள்ளே இருந்தார்கள்.

பெயருக்குப் பின்னால் ஏதாவது எழுத்துகள் இருக்கின்றனவா? படம் எடுத்திருந்தால் எனக்கு மட்டும் அனுப்புங்கள். முழுப் பெயரை இங்கே போட வேண்டாம். உறவுக்காரர்கள் இருப்பார்கள், முதலில் அவர்களுக்குத் தெரியட்டும்.

மே 13, காலை

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பெயருக்குப் பின்னால் ஐ.எம்.என்.எஸ். என்று தெளிவாக இருக்கிறது. இந்திய இராணுவ நர்சிங் சேவை.

இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சேவை தொடங்கியது 1926 அக்டோபர் 1. இந்தியச் சிப்பாய்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரிகளுக்காக 12 மேட்ரன், 18 சிஸ்டர், 25 ஸ்டாஃப் நர்ஸ் என்று மொத்தம் 55 பேரோடு ஆரம்பித்தார்கள். அதற்கு முன் இந்தியச் சிப்பாய்களுக்கென்று நிரந்தரமான நர்சிங் சேவை கிடையாது, பெரும்பாலும் வார்டு ஆர்டர்லிதான். உலகப்போர் வந்ததும் சேவை பல மடங்கு பெருத்தது. 1943இல் ஓர் அவசரச் சட்டம் போட்டு இராணுவ நர்ஸ்களைக் கமிஷன் பெற்ற அதிகாரிகள் ஆக்கினார்கள். இன்றைய இராணுவ நர்சிங் சேவை நடப்பதும் அந்த 1943 சட்டத்தின் கீழ்தான்.

ஆக, பலகையில் இருக்கும் ஒன்பது பேரில் அவர் ஓர் அதிகாரியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மற்ற எட்டுப் பேரில் எத்தனை பேர் அவருக்குச் சல்யூட் வைக்க வேண்டியிருந்திருக்குமோ!

மே 15, இரவு

எங்கே தேடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் இடம் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். 1917இல் அமைந்தது, 1960 வரை இம்பீரியல் என்று பெயர். இரண்டு உலகப்போர்களிலும் காமன்வெல்த் படைகளில் சேவையில் இருந்து இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். இலவசம், யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆனால் நம் ஆட்களைத் தேடும்போது பெயரே முதல் தடை.

நம் பெண்ணின் பெயர் 'ஞான' என்று தொடங்குகிறது. முன்னால் ஓர் இனிஷியல். இந்த 'ஞா'வை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் திருநெல்வேலிக்காரர் ஜி, என் என்று தொடங்குவார். இன்னொருவர் ஜே போடுவார். வேறொருவர் வெறும் என், ஒய். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஜி, தங்கை என் என்று எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். அகர வரிசையில் இந்த மூன்று எழுத்துகளும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடக்கின்றன.

அடுத்தது இனிஷியல். வெள்ளைக்காரன் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான். எழுதிய குமாஸ்தா அன்றைக்கு எப்படி முடிவு செய்தாரோ அப்படி. ஒருவருக்கு அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும். இன்னொருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். இன்னும் சிலருக்கு 'அம்மாள்' என்பதே குடும்பப் பெயர்! அந்தக் கட்டத்தில் 'அம்மாள்' என்று போட்டுத் தேடிப் பாருங்கள் என்றால் சிரிப்பீர்கள். நான் நிஜமாகவே சொல்கிறேன், அப்படியும் தேடுங்கள்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியல், வேலை விவரம் எழுதும் எஸ்.ஆர். புத்தகத்தில் இரண்டு இனிஷியல். வேலையில் சேர்ந்த அன்று யாரோ ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். 31 வருஷம் அது யார் கண்ணிலும் படவில்லை. ஓய்வு பெற்ற மாதம் பட்டது. நானும் அவளும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஏழு மாதம், இரண்டு பிரமாணப் பத்திரம், அரசிதழில் ஓர் அறிவிப்பு. உயிரோடு, கையில் ஆதாரோடு எதிரே நிற்கிற எனக்கே இந்தப் பாடு. இறந்து முக்கால் நூற்றாண்டு ஆனவருக்கு யார் பிரமாணப் பத்திரம் கொடுப்பது?

மேலும் ஒன்று, 1945க்குப் பிறகு இறந்தவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

மே 16

மேலே கடைசி வரி தவறு. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், நன்றி சார். இரண்டாம் உலகப்போருக்கு ஆணையம் வைத்திருக்கும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. அந்த நாட்களுக்குள் சேவையில் இருக்கும்போது இறந்தால் போதும், குண்டடி பட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. மலேரியா, காலரா, லாரி விபத்து, எல்லாமே கணக்கு. பலகையில் 1945 என்று வெட்டியிருப்பதை வைத்து நான் அவசரப்பட்டுவிட்டேன். நர்ஸ்களைத் தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். நர்ஸ் போர்முனையில் சாவது அபூர்வம். வார்டில் ஒட்டிக்கொண்ட நோயில், போர் முடிந்த பிறகு செத்தவர்களும் உண்டு.

மே 18, மதியம்

ராணி ஜான்சி படை பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவர்கள் பெயர் இந்த ஆணையத்தின் பட்டியலில் வராது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்கள் படை அது, பிரிட்டிஷாரை எதிர்த்து நின்றது.

1943இல் சிங்கப்பூரில் அமைந்தது. தலைமை ஏற்ற லட்சுமி சுவாமிநாதன் நம் சென்னைக்காரர், 1938இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கியவர். படையில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்திய தேசிய இராணுவத்தில் இறந்தவர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். 1995இல் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தார்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பாட்டி என் வார்டுக்கு வந்திருந்தார், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம். ஊசி போடும்போது, "நான் துப்பாக்கி புடிச்ச கை இது, வலிக்காது, குத்து" என்றார். எனக்கு அன்றைக்கு 40 படுக்கை. சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அவர் எங்கே துப்பாக்கி பிடித்தார் என்று கேட்கவில்லை. நோட்டில் பெயர் இருந்தது, வயது இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது. அந்த நோட்டு இந்நேரம் பழைய காகிதத்தோடு போயிருக்கும். இந்த இழையில் நான் இவ்வளவு எழுதுவதற்கு அந்தப் பாட்டியும் ஒரு காரணம்.

மே 20, இரவு

நந்தம்பாக்கம் போர்க்கல்லறைக்குப் போய் வந்தேன். தங்கை மகன் வண்டியில் கூட்டிப் போனான். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன், உள்ளே போனது இதுதான் முதல் தடவை. டிரேடு சென்டரில் கண்காட்சி பார்க்க வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே திரும்பிப் பார்ப்பதில்லை.

மெட்ராஸ் போர்க்கல்லறை 1952இல் அமைக்கப்பட்டது. அங்கே இருக்கும் 856 இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளில் இருப்பவர்கள் சென்னையில் இறந்தவர்கள் மட்டுமில்லை. தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களின் ஊர்க் கல்லறைகளிலும் கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் புதைக்கப்பட்டு, பராமரிக்க வழியில்லாததால் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள். அதனால் 'எங்கள் தாத்தா செத்தது வேறு ஊரில், சென்னையில் ஏன் தேடணும்' என்று நினைக்காதீர்கள்.

புல்வெளியை வெட்டி வைத்திருக்கிற சுத்தம், அந்த அமைதி, பக்கத்துச் சாலையின் ஹாரன் சத்தம் மரங்களுக்குள் வந்து அடங்கிவிடுகிற விதம், எதைச் சொல்வது. வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். 19 வயது, 22 வயது, 20 வயது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பாதிக்கு மேல் தங்கை மகன் படித்துச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே நின்றேன். வாசல் பக்கம் பெட்டிக்குள் வைத்திருக்கும் பதிவேட்டையும் ஜி, ஜே, என் மூன்று எழுத்திலும் புரட்டினோம். நம் பெயர் இல்லை.

பின்பக்கம் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, சுவரில் ஆயிரத்துக்கு மேல் பெயர்கள். ஒரு வாசகர் அங்கேயும் பார்க்கச் சொல்லியிருந்தார். அது 1914–1918 போருக்கு உரியது. இந்தியாவின் பல கல்லறைகளில் பராமரிக்க முடியாமல் போன முதல் போர்க்காலக் கல்லறைகளுக்குப் பதிலாகப் பெயர்களை ஒன்றாகச் சேர்த்து வெட்டியது. நம் பெண்ணுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் நின்று படித்துவிட்டுத்தான் வந்தேன். படிக்காமல் வர மனசு கேட்கவில்லை.

மே 21

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று விட்டுப்போனது தெரிந்தது. நினைவுச் சின்னத்தில் பெயர் இருந்தால் அந்த இடத்தில் இறந்தார் என்று பொருள் இல்லை. 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடீவ் இஸ்மாயில்' கப்பலை மாலத்தீவுப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1,297 பேர் இறந்தார்கள், அதில் 77 பெண்கள். பெரும்பாலும் நர்ஸ்களும் கடற்படைப் பெண்களும். நம் கடலுக்குப் பக்கத்தில் நடந்தது. ஆனால் இராணுவ நர்ஸ்களின் பெயர் இருப்பது இங்கிலாந்தில் புரூக்வுட் என்ற இடத்தில். கடற்படைப் பெண்களின் பெயர் அவரவர் துறைமுக ஊர்களின் சின்னங்களில். ஒரே கப்பல், ஒரே நிமிஷம், ஆனால் பெயர்கள் சேவை வாரியாகப் பிரிந்துபோயின.

பிரிட்டனுக்காக உளவு வேலை பார்த்த நூர் இனாயத் கானும் இப்படித்தான். திப்பு சுல்தான் வம்சம், மாஸ்கோவில் பிறந்தவர், ஜெர்மனியின் டாகாவ் முகாமில் 1944 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டவர். விமானப்படைத் துணைப் பிரிவில் சேர்ந்திருந்ததால் அவர் பெயர் இருப்பது இங்கிலாந்தில் ரன்னிமீட் விமானப்படை நினைவிடத்தில். தேடுகிறவர்கள் ஊரை விட்டுவிட்டு எந்தச் சேவை என்பதைப் பிடியுங்கள்.

மே 26

பெரம்பூரிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தவர் எழுதியிருக்கிறார். அவருடைய கொள்ளுப்பாட்டி முதல் உலகப்போரில் நர்ஸாம். உங்கள் தேடல் வேறு வழி சார், ஒருவேளை சுலபமும்கூட. பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 399 என்ற தொகுதியில் முதல் போர் இராணுவ நர்ஸ்களின் கோப்புகள் 15,000க்கு மேல் இருக்கின்றன. பதக்க அட்டைகளில் பெண்களுடையது தனியாக டபிள்யூ.ஓ. 372/23. நர்ஸ் இல்லாமல் பெண்கள் துணைப்படையில் இருந்திருந்தால் கோப்பு கிடைப்பது கஷ்டம். 57,000 பேர் சேர்ந்த படை அது, 1940 குண்டுவீச்சில் எரிந்தது போக 7,000 பேருடையதுதான் மிச்சம். மெட்ராஸ் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை.

அது பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பதிவு. நம் ஞான-அம்மாவுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. இங்கேதான் தேட வேண்டும்.

ஜூன் 2, இரவு

இன்று தம்பியும் நானும் தேவாலயத்துக்குப் போனோம். ஆயர் நல்ல மனிதர், பீரோவைத் திறந்துவிட்டார். முதலில் ஒரு குழப்பம். 1947க்கு முந்தைய புத்தகங்களின் அட்டையில் வேறு சபையின் பெயர். தம்பி, "இது வேற கோயிலோட புத்தகம் போல" என்று ஓரமாக வைத்துவிட்டான். தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947 செப்டம்பர் 27 அன்றுதான். அதற்கு முன் ஒவ்வொரு கோயிலும் ஒவ்வொரு மிஷனின் கீழ். அட்டையில் இருப்பது பழைய மிஷனின் பெயர், புத்தகம் இதே கோயிலுடையது. சபைப் பதிவேட்டில் தேடுகிற எல்லோரும் இதைக் கவனியுங்கள், இல்லையென்றால் கைக்குக் கிடைத்ததை ஓரமாக வைத்துவிடுவீர்கள்.

அடக்கப் பதிவேட்டில் இருந்தார். 1946, நவம்பர். வயது 29.

இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல். தம்பிக்குப் படிக்க வரவில்லை, ஏதோ ஊர்ப் பெயர் என்றான். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தைசிஸ். டிபிக்குப் பழைய பெயர். இறந்த இடம், தாம்பரம்.

அப்புறம் தொழில் என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஆண்களுக்கு எதிரே கிளார்க், ரயில்வே ஃபிட்டர், ஆசிரியர் என்று ஏதாவது இருக்கிறது. இவருக்கு எதிரே 'மணமாகாதவர்' என்று இருக்கிறது. அவ்வளவுதான். பயிற்சி எடுத்து, இராணுவத்தில் சேர்ந்து, வார்டு நடத்தி, அந்த வார்டிலேயே நோயும் வாங்கியிருக்கக்கூடிய ஒரு பெண்ணுக்குத் தொழில் மணமாகாதவர். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே படியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

ஜூன் 3

தாம்பரம் சானடோரியம் பற்றி. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது, 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நான் அங்கே நான்கு வருஷம் இருந்தேன். என்னோடு ட்யூட்டி பார்த்த ஒருத்திக்கு டிபி வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள், சரியாகிவிட்டது, இன்று பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறாள். 1946இல் மாத்திரை ஏது? டிபியைக் குணமாக்கிய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943இல்தான். ஓய்வு, காற்று, முட்டை, பால். சேத்துப்பட்டில் 1956இல் ஆய்வு மையம் தொடங்கி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்கே காட்டியது நம் சென்னைதான். அந்தப் பத்து வருஷம் இவருக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 5

"டிபியில் செத்தால் போரில் செத்ததாக எப்படிச் சேர்க்க முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மே 16 குறிப்பைப் படியுங்கள். சேவையில் இருக்கும்போது இறந்திருந்தால் காரணம் எதுவானாலும் சேரும். நோயால் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு இறந்திருந்தால், அந்த நோய் சேவையால் வந்தது என்று காட்ட வேண்டும். இவர் இதில் எந்த வகை என்பதற்கு அவருடைய இராணுவக் கோப்பு வேண்டும், அல்லது மெடிக்கல் போர்டு காகிதம்.

அரசிதழைப் பார்ப்பது ஒரு வழி. அதிகாரிகளின் நியமனம் அதில் வரும். பயிற்சிப் பள்ளியின் பதிவேடு இன்னொரு வழி. மெட்ராஸ் நர்ஸ், மிட்வைஃப் சட்டம் 1926லேயே வந்துவிட்டதால், முறையாகப் படித்தவர் என்றால் மாகாணப் பதிவேட்டில் ஓர் எண் இருந்திருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த வாரம் போகிறேன். தம்பிக்குப் பரீட்சை, அவன் வர வேண்டாம்.

ஜூன் 14

எழும்பூரில் நான்கு நாள். அரசிதழில் இந்தப் பெயர் மூன்று எழுத்திலும் கண்ணில் படவில்லை. சலிப்பாக இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 23, இரவு

நாளை என்று சொல்லி ஒன்பது நாள் ஆகிவிட்டது. மன்னியுங்கள், எழுத நிறைய இருக்கிறது.

ஆயர் ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்புகளோடு இந்தப் பெயரையும் சொல்லி, யாருக்காவது சொந்தமா என்று கேட்டிருக்கிறார். கடைசி வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "எங்க பட்டாளத்து அத்தை" என்றாராம்.

போய்ப் பார்த்தேன். 83 வயது. பலகையில் இருக்கும் பெண்ணின் தம்பி மகள். 70 வருஷமாக அதே கோயிலுக்குப் போகிறவர். பலகையில் அத்தை பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்பதுதான் அவருக்குத் தெரியாது. "யாரும் கேக்கலையே கண்ணு" என்றார்.

அவருக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். அப்பாவோடு எலெக்ட்ரிக் ரயிலில் தாம்பரம் போனது. குழந்தையை உள்ளே விட மாட்டார்கள், வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டு அப்பா மட்டும் போவார். தூரத்தில் வராந்தாவில் ஒரு வெள்ளைச் சேலை எழுந்து நின்று கையை உயர்த்தும். முகம் நினைவில் இல்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார் என்னிடம், இப்படித்தான் என்று.

பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அத்தையுடையது. இத்தனை வருஷமாக அதில் கிறிஸ்துமஸ் ஸ்டார், கம்பளி எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். பேரன் ஏறி இறக்கினான். பக்கவாட்டில் கிழிந்துபோன ரயில் லேபிள், அதில் ராஞ்சி என்று படிக்க முடிகிறது. பர்மாப் போர்முனையிலிருந்து காயக்காரர்களும் காய்ச்சல்காரர்களும் வந்து சேர்ந்த இராணுவ ஆஸ்பத்திரிகள் இருந்த ஊர். மூடியைத் துடைத்தோம். வெள்ளைப் பெயின்டில் ஓர் எண், ஐ.எம்.என்.எஸ்., அதற்கு மேல் பெயர்.

நான் தேடிய மூன்று எழுத்திலும் அந்தப் பெயர் தொடங்கவில்லை. வீட்டில் அவரை ஞானம் என்று கூப்பிட்டதில்லையாம். ஞானஸ்நானத்தில் இன்னொரு பெயரும் உண்டு, வேதாகமப் பெயர். இராணுவத்தில் சேரும்போது அந்தப் பெயரை முன்னால் வைத்து, அப்பா பெயரைப் பின்னால் முழுதாக எழுதி, ஞானத்தை நடுவில் ஓர் எழுத்தாக்கியிருக்கிறார். பலகை வெட்டிய சபையார் தங்களுக்குத் தெரிந்த பெயரை வெட்டியிருக்கிறார்கள். நான் நான்கு நாள் எழும்பூரில் தேடியது பலகையில் இருந்தவரை. இராணுவத்தில் இருந்தவரை இன்னும் தேடவே இல்லை.

ஜூன் 24, காலை

முதல் வேலையாக ஆணையத்தின் தேடலில் பெட்டியில் இருந்த பெயரைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் மாற்றி, பின்னால் மாற்றி, ஓர் எழுத்தை விட்டு. இல்லை.

வருத்தப்படுகிறவர்களுக்கு: இது முடிவு இல்லை. விடுபட்ட பெயர்களை ஆதாரத்தோடு அனுப்பினால் ஆணையம் பரிசீலிக்கிறது. முதல் போரில் பெரும்பாலும் ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களாக, குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, எங்குமே நினைவுகூரப்படாமலும் போயிருக்கலாம் என்று 2021இல் அவர்களே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டாம் போரில் விடுபட்டவர்களும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஜூன் 30

எண் கிடைத்ததால் கோப்பைக் கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதியாகிவிட்டது. ஆணையத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தைத் தம்பி நிரப்புகிறான், பரீட்சை முடிந்துவிட்டது. அடக்கப் பதிவேட்டின் நகலை ஆயர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். பெட்டி மூடியின் படம், பலகையின் படம், இரண்டும் ஒரே ஆள் என்று அந்த அம்மாவின் பிரமாணப் பத்திரம். அதை மட்டும் நானே உட்கார்ந்து எழுதினேன். எப்படி எழுத வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தொழில் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தம்பி போன் செய்து கேட்டான். சிஸ்டர் என்று போடச் சொன்னேன்.